பெயரை யார் சோதிப்பது?

வலைத்தளம் ஒன்றின் தேடல் பெட்டியில் 'மழை' என்று எழுதி அனுப்புகிறீர்கள். உங்கள் கணிப்பொறியிலிருந்து செல்லும் கோரிக்கையில் 'சொல்=மழை' என்பது போன்ற இணை ஒன்று இருக்கும். இடப்புறம் இருப்பது பெயர். வலப்புறம் இருப்பது மதிப்பு. இத்தகைய இணைகளை அளபுருக்கள் என்பர். பி.எச்.பி. மொழியில் எழுதப்பட்ட உள்ளடக்க மேலாண்மை அமைப்புகள் இவற்றைப் படித்தே எந்தப் பக்கத்தைக் காட்டுவது என முடிவு செய்கின்றன.

மதிப்பு வெளியார் தருவது. ஆகவே அதைச் சோதிக்க வேண்டும். நிரல் எழுதக் கற்கும் மாணவர் அனைவரும் அறிந்த பாடம் இது. ஆனால் பெயரும் வெளியார் எழுதி அனுப்புவதுதானே! இதை மறந்தால் நேரும் கேட்டுக்கு ட்ரூபல் என்னும் அமைப்பு இருமுறை சான்றாயிற்று.

பெயருக்குப் பின் சதுர அடைப்பு இட்டு அனுப்பினால், பி.எச்.பி. அதனை ஓர் அணியாக மாற்றிவிடும். அடைப்புக்குள் இருப்பது அணி உறுப்பின் பெயராகும். வசதியான ஏற்பாடுதான். ஆனால் ட்ரூபல் 7-இல் இவ்வுறுப்புப் பெயர்கள் சோதனையின்றித் தரவுத்தளத்துக்கான வினவலில் ஒட்டப்பட்டன. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கட்டளையை எழுதி அனுப்பியவர் தளத்தையே கைப்பற்ற முடிந்தது. 2014 அக்டோபர் 15 அன்று திருத்தம் வெளியாயிற்று. 7 மணி நேரத்துக்குள் அதைப் பொருத்தாத தளங்கள் பகைவர் கைக்குப் போய்விட்டதாகவே கருத வேண்டும் என்று ட்ரூபலின் பாதுகாப்புக் குழு பின்னர் எச்சரித்தது. திருத்தமோ ஒரே வரி: வந்த பெயர்களை விட்டுவிட்டு மதிப்புகளை மட்டும் எடுத்துக்கொள்வது!

அடுத்தது 2018-இல். ட்ரூபல் பக்கங்களை அமைக்கும் அணிகளில், '#' குறியுடன் தொடங்கும் பெயர்கள் அமைப்புக்கே உரியவை. எந்தச் செயற்கூற்றை இயக்குவது என்பதையும் அவற்றுட் சில சொல்லும். வெளியார் அனுப்பும் பெயரும் அக்குறியுடன் தொடங்கலாம் அல்லவா? மார்ச் 28 அன்று வந்த திருத்தம், அத்தகைய பெயர்களைக் கோரிக்கை நுழையும்போதே களைந்தது. நான்கே வாரங்களில், ஏப்ரல் 25 அன்று, மற்றொரு திருத்தம் தேவைப்பட்டது. மதிப்பாக வரும் முகவரி ஒன்றுக்குள் அதே குறி ஒளிந்து வர வழி இருந்தது.

வாயிற்காவல் தேவையே. ஆயினும் நோயின் வேர் வாயிலில் இல்லை. ஆணையையும் தரவையும் ஒரே அணியில் இட்டு, ஒரு சிறு குறியால் மட்டும் பிரித்து வைத்ததே வேர். எந்தக் கூறும் பக்கத்தை எளிதில் மாற்றியமைக்க இம்முறை உதவியது என்பது உண்மை. ஆனால் அந்த எளிமை அயலாருக்கும் கிட்டிவிட்டது.

நிரல் எழுதும் மாணவர்களே! எதிர்பார்க்கும் பெயர்களைப் பட்டியலிட்டு, அவற்றை மட்டும் படியுங்கள். எண் வேண்டிய இடத்தில் எண்தானா என்று பாருங்கள். அணி வந்தால் மறுத்துவிடுங்கள். வினவலில் மதிப்பைத் தனியே இணையுங்கள். வெளியிலிருந்து வந்த பெயரை ஒருபோதும் ஒட்டாதீர்கள்.