செதிலை யார் சொல்வது?

பாதி மனிதர், பாதி டிராகன் என்றதும் வாசகர் நெருப்புக்கும் பறத்தலுக்கும் தயாராகிவிடுகிறார். ரேச்சல் ஹார்ட்மனின் ‘செராஃபினா’ (2012) அந்த விருந்தைப் பரிமாறுவதில்லை. நாயகி கோரெட் நாட்டு அரசவை இசையமைப்பாளரின் உதவியாளர். கையிலும் இடுப்பிலும் செதில்கள் உண்டு. பறக்கத் தெரியாது, நெருப்பும் வராது. கதை மெதுவாகக் கிளம்புகிறது, புனிதர்களின் பெயர்கள் குழப்புகின்றன என்ற முறையீடுகளில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த நிதானத்தில்தான் ஹார்ட்மன் ஒரு சட்டத்தையே கட்டி எழுப்புகிறார். மனிதர்களுக்கும் டிராகன்களுக்கும் இடையிலான சமாதான ஒப்பந்தப்படி, மனித உருவெடுத்து நகருக்குள் வரும் டிராகன் மணி கட்டிக்கொள்ள வேண்டும். அறிஞர்களுக்கு மட்டும் விலக்கு. செராஃபினாவின் தந்தை அந்த ஒப்பந்தச் சட்டத்தில் தேர்ந்த வழக்கறிஞர். அவருடைய மனைவியே டிராகன் என்பது பிரசவத்தில் அவள் இறந்தபோதுதான் அவருக்குத் தெரிகிறது.

செராஃபினா தன் செதிலைத் தானே பெயர்த்தெடுக்கும் காட்சியில் வாசகர்கள் பிரிந்து நிற்கிறார்கள். இளையோர் நாவலுக்கு இவ்வளவு வலி தேவையா என்பது ஒரு தரப்பு. உடற்குறையையோ பாலின அடையாளத்தையோ மறைத்து வாழ்ந்தவர்கள் அங்கேதான் புத்தகத்தோடு ஒட்டிக்கொள்கிறார்கள். நான் இரண்டாம் தரப்பு. அந்தக் காட்சியை எடுத்துவிட்டால் செதில் வெறும் ஆபரணமாகிவிடும். இந்த வகை நாவல்கள் பலவற்றில் அது ஆபரணம்தான்.

ரகசியத்தைவிட அம்பலத்துக்கு அஞ்சும் இந்தக் கதையின் வேர் பழையது. பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் ழான் தாரா எழுதிய மெலூசின் கதையில், சனிக்கிழமைகளில் மனைவியைப் பார்க்கக் கூடாது என்ற நிபந்தனையைக் கணவன் மீறுகிறான். குளியலறையில் பாம்பு வாலைக் காண்கிறான். அவள் அதைப் பொறுத்துக்கொள்கிறாள். பலர் முன்னிலையில் அவன் அவளைப் பாம்பென்று ஏசும்போதுதான் சிறகு முளைத்துப் பறந்துபோகிறாள்.

உர்சுலா லெ குவினின் ‘தெஹானு’ (1990) இதைத் திருப்பிப் போடுகிறது. சொந்தக்காரர்களே தீயிலிட்ட சிறுமியை ஊர் தன் வாய்க்கு வந்தபடி பேசுகிறது. இறுதியில் அவளே டிராகனின் மொழியில் கலெசின் என்ற டிராகனை அழைக்கிறாள். இது இடம்பெறும் ‘எர்த்ஸீ’ வரிசையின் முந்தைய நூல் வந்து 18 ஆண்டுகள் காத்திருந்தவர்களில் பலருக்கு ஏமாற்றம். மாபெரும் மந்திரவாதி கெட் சக்தியிழந்து திரும்ப, கதையோ சமையலறையிலும் ஆட்டுப்பட்டியிலும் நடக்கிறது. எனக்கு நாவலின் பலமே அந்தச் சமையலறை; வீட்டு வேலையை இத்தனை கவனத்தோடு எழுதிய மிகுபுனைவுகள் அரிது.

கெல்லி பார்ன்ஹில்லின் ‘பெண்கள் டிராகன்களாக இருந்தபோது’ (2022), 1955-இல் லட்சக்கணக்கான அமெரிக்கப் பெண்கள் டிராகனாக மாறியதாகவும், நாடே அதைப் பற்றி வாய் திறக்காததாகவும் கற்பனை செய்கிறது. பிரசங்க வாடை அடிக்கிறது என்ற குற்றச்சாட்டை மறுக்க முடியவில்லை. ஆனாலும் மாறிப்போன அத்தையின் பெயரைக்கூட வீட்டில் யாரும் உச்சரிக்காத பக்கங்கள் வலுவானவை.

‘செராஃபினா’வின் தொடர்ச்சியான ‘ஷேடோ ஸ்கேல்’ (2015) பற்றித்தான் சச்சரவு அதிகம். தன்னைப் போன்ற கலப்பினரைத் தேடிச் சேர்க்கப் புறப்படுகிறாள் செராஃபினா. வாசகர் ஓர் அன்பான குடும்பத்துக்குக் காத்திருக்கிறார். கிடைப்பதோ ஜனூலா: அவளும் பாதி டிராகன், மற்றவர்களின் மனத்துக்குள் புகுந்து ஆட்டிவைப்பவள். நூல் தேவைக்கு மேல் நீள்கிறது, பயணங்கள் சலிப்பூட்டுகின்றன. இருந்தும், ஒரே காயம் பட்டவர்கள் தாமாகவே உறவாகிவிடுவார்கள் என்ற ஆறுதலைத் தர மறுப்பதில், முதல் நூலைவிட இது துணிச்சலானது.