திமிலும் பாம்புகளும்

பொல்பிட்டியவில் வளர்ந்தவனுக்கு நேரான வீதி என்றாலே கொஞ்சம் சந்தேகந்தான். மஸ்கெலி ஓயாவும் கெகெல்கமு ஓயாவும் கூடிக் களனி கங்கையாகும் இடம் இது. நோட்டன் பிரிட்ஜுக்கு ஏறினாலும் கித்துல்கலைக்கு இறங்கினாலும் முடக்குக்கு முடக்கு ஹோர்ன் அடிக்காமல் போக முடியாது. கொழுந்து லொறிச் சாரதியிடம் வழி கேட்டால் மைல் கணக்குச் சொல்லமாட்டார், எந்த முடக்கு என்றுதான் சொல்லுவார். சிங்கப்பூரின் பழைய தொம்சன் வீதிப் பந்தயத்தின் வரைபடம் கையில் கிடைத்தபோதும், என் கண் வென்றவர் பட்டியலுக்குப் போகவில்லை. முடக்குகளின் பெயர்களில்தான் போய் நின்றது.

1961 இல், சுற்றுலாப் பயணிகளை அழைக்க சிங்கப்பூர் அரசு கொண்டாடிய 'ஓரியண்ட் ஆண்டு' விழாவோடு தொடங்கிய பந்தயம் அது. அஸ்டன் மார்ட்டின் காரில் வந்த இயன் பார்ன்வெல் முதலாவதை வென்றார். அடுத்த ஆண்டு முதல் மலேசிய கிராண்ட் பிரீ என்று பெயர்; 1966 இலிருந்து சிங்கப்பூர் கிராண்ட் பிரீ. பந்தயத்துக்கென்று கட்டிய தடமல்ல, மற்ற நாட்களில் பஸ் ஓடிய பொது வீதிதான். ஒரு சுற்று ஏறத்தாழ 4.8 கிலோமீற்றர்.

சுற்று 'தொம்சன் மைல்' என்ற நீண்ட நேர்வழியில் தொடங்கும். பெயரைக் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு மிதிக்கலாம் போலிருக்கும். ஆனால் அந்த நேர்வழிக்குள்ளேயே வலப்பக்கம் ஒரு சிறு நெளிவு, பெயர் 'ஹம்ப்'. தமிழில் திமில் என்று சொல்லிப் பார்க்கிறேன், பொருந்துகிறது. வரும் கோடு ஒரு முழம் பிசகினால் கார் நிலத்தை விட்டு எழும்பிவிடுமாம். முடக்கில் எல்லாரும் கவனமாகத்தான் இருப்பார்கள். நேர்வழியில் ஒளிந்திருக்கும் முடக்குக்குத்தான் ஆளைத் தெரியும்.

அது முடிய 'சர்க்கஸ்' கொண்டை ஊசி. யானையையும் புலியையும் தேட வேண்டாம். செம்பவாங் சர்க்கஸ் என்ற சுற்றுவட்டத்தை ஒட்டிய பெயர் அது. அங்கே திரும்பினால் காட்டோர வீதி, அதில் 'பாம்புகள்'. இடமும் வலமுமாக ஒன்றையொன்று தொடரும் நான்கு வளைவுகள். பெயர் வைத்தவர் பாம்பு என்று ஒருமையில் விடாமல் பன்மையில் வைத்தாரே, அந்த நயத்துக்கு ஒரு சபாஷ்! ஒன்றிலிருந்து தப்பினால் அடுத்தது காத்திருக்கிறது என்பதை அந்த ஒரு 'கள்' விகுதி சொல்லிவிடுகிறது. பாம்புகளுக்குள்ளேயே 'பிசாசு முடக்கு', ஆங்கில வி எழுத்தைப் போல் ஒடிந்து திரும்பும். பிறகு 'நீள் வளையம்'. அந்தப் பெயரில் பயமில்லை. பிசாசைத் தாண்டியவன் மூச்சு விடுவது அதில் கேட்கிறது.

இந்தத் தடத்தில் 1969, 1970, 1971 என்று மூன்று முறை தொடர்ந்து வென்றவர் நியூசிலாந்தின் கிரேம் லோரன்ஸ். மூன்று வெற்றிக்கும் மூன்று வெவ்வேறு கார்கள்: மக்லாரன், ஃபெராரி, பிராபம். கார் மாறியது, பாம்புகள் மாறவில்லை. அவற்றின் நெளிவு அவருக்கு மனப்பாடம் என்றுதான் எடுத்துக்கொள்கிறேன்.

ரசிப்பதோடு விட்டால் பொய்யாகிவிடும். ஒடுக்கமான வீதி, ஓரத்தில் ஆழமான மழைநீர் வடிகால், பஸ் தரிப்பிடம், விளக்குக் கம்பம். இந்தப் பந்தயங்களில் ஏழு உயிர்கள் போயின. 1973 பந்தயத்திலும் ஒருவர் இறந்தார். ஆபத்து, போக்குவரத்து இடைஞ்சல், இளைஞரின் வேக மோகம் என்று காரணங்கள் சொல்லி அரசு பந்தயத்தை நிறுத்தியது. நிறுத்தியது சரியென்றே நினைக்கிறேன். பெயர்களை ரசிக்க யாரும் சாக வேண்டியதில்லை.

2008 இல் சிங்கப்பூருக்கு ஃபோர்முலா வன் வந்தது. மரீனா பேயில், இரவில், விளக்கொளியில். அந்தத் தடத்தில் அப்போது 23 முடக்குகள். பெரும்பாலானவற்றுக்கு எண்தான் பெயர். பதினேழாம் முடக்கு என்று ஒரு பாட்டி பேரனுக்குக் கதை சொல்ல முடியுமா? நம்ம நுவரெலியாவில் அப்படியில்லை, ஏப்ரலில் நடக்கும் ஏற்றப் பந்தயத்துக்கு மகாகஸ்தோட்டை என்று ஊர்ப்பெயரே இருக்கிறது. சொல்லும்போதே ஏற்றத்தில் மூச்சு வாங்கும்.

பாம்புகள் நெளிந்த வீதி இன்றும் இருக்கிறது. பழைய அப்பர் தொம்சன் வீதி என்று பெயர். பக்கத்துக் காட்டில் வாழும் அரிய மந்திகள் குறுக்கே கடப்பதற்காக, வாகனத்துக்கு வீதியின் ஒரு பக்கத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதை நடைபாதையாக்கியிருக்கிறார்கள். இரவானால் வாகனங்களுக்கு வாயிலைச் சாத்திவிடுகிறார்கள்.