பாட்டுக்கு அடுத்த பாட்டு

எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங் என்ற பொறியியல் மேதை 1933-இல் காப்புரிமை பெற்ற பண்பலை முறை, கரகரப்பு கலவாத நிர்மலமான நாதத்தைத் தரவல்லதாக இருந்தும், அமெரிக்க வானொலி முதலாளிகளில் பலர் அதைத் தங்கள் பழைய மத்திய அலை நிலையங்களின் எதிரொலியாகவே வெகுகாலம் வைத்திருந்தார்கள். பெரிய நகரங்களில் ஒரே நிகழ்ச்சியை இரண்டிலும் நாள் முழுவதும் ஒலிபரப்பலாகாது என்று அந்நாட்டுத் தகவல் தொடர்பு ஆணையம் 1964-இல் விதி செய்த பிறகே, காலியான நேரத்தை எதைக்கொண்டு நிரப்புவது என்ற நிர்ப்பந்தம் அவர்களுக்கு உண்டாயிற்று. அந்த நிர்ப்பந்தம் ஈன்றெடுத்த செல்வங்களில் தலையாயதாக நான் கருதுவது, நியூயார்க்கில் 102.7 மெகாஹெர்ட்ஸில் ஒலித்த டபிள்யூ.என்.இ.டபிள்யூ. எஃப்.எம். நிலையத்தைத்தான்.

1966 ஜூலையில் அறிவிப்பாளர் அனைவரும் பெண்களே என்ற புதுமையுடன் அது ஒரு பரீட்சை செய்து பார்த்தது. ஓராண்டுக்குச் சற்று மேல் நடந்து அது கைவிடப்பட்டது. 1967-இன் இறுதியில் ராக் சங்கீதம் உள்ளே வந்தது. இசைத்தட்டைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பறிபோவதைப் பொறாமல் வேறொரு நிலையத்திலிருந்து ஒலிபரப்பின் நடுவிலேயே விடைபெற்றுக்கொண்ட ராஸ்கோவும், கரடுமுரடான குரலில் அலாதியான வாஞ்சையை வைத்திருந்த ஸ்காட் மியூனியும், ஜானதன் ஷ்வார்ட்ஸும் வந்து சேர்ந்தார்கள். மூன்று நிமிஷப் பாட்டுகளையே திரும்பத் திரும்பப் போட்டு, இடையிடையே உரத்த குரலில் ஆரவாரம் செய்யும் சம்பிரதாயத்துக்கு மாறாக, எதைப் போடுவது என்பதை இங்கே அறிவிப்பாளரின் ரசனையே தீர்மானித்தது.

பாட்டைத் தேர்ந்து தொடுக்கும் இந்தக் கலையின் உயிர்நிலை, ஒரு பாட்டு முடிந்து மற்றொன்று தொடங்கும் அந்தச் சந்தியில் இருக்கிறது. சுழல்மேடை ஓடிக்கொண்டிருக்க, அதன்மேல் விரித்த மெத்தென்ற துணியின் மீது இசைத்தட்டை விரலால் அசையாமல் பிடித்து, ஊசியை முதல் ஸ்வரத்தின் விளிம்பில் நிறுத்திவைத்து, மற்றத் தட்டில் ஓடும் பாட்டின் கடைசி நாதம் தேய்ந்துவரும் கணத்தில் விரலை எடுத்தால், இரண்டு பாட்டுகள் ஒன்றாகவே பிறந்தவைபோல் இணைந்துவிடும். சுருதி ஒத்துப் போவதா, லயம் மாறி அதிர்ச்சி தருவதா, அல்லது பொருளால் மட்டும் உறவுகொண்டு நிற்பதா என்பதெல்லாம் அந்தக் கணத்துக்கு முன்பே மனத்தில் தீர்மானமாகியிருக்க வேண்டும். கச்சேரியில் ஒரு கீர்த்தனைக்குப் பின் எந்த ராகத்தை எடுப்பது என்று வித்வான் சபையின் முகமறிந்து நிச்சயிப்பதற்கு ஒப்பான விவேகம் இது. ஒரே கருத்தைத் தழுவிய பாட்டுகளை மாலையாகத் தொடுப்பதில் இந்நிலையத்து அறிவிப்பாளர் பீட் ஃபோர்னடேலுக்கு நிகரானவர் அரிது.

ஆயினும் என் அபிமானம் முழுவதும் அலிசன் ஸ்டீலிடம்தான். பெண்கள் மட்டும் பேசிய பழைய ஏற்பாட்டிலிருந்து நிலையம் தக்கவைத்துக்கொண்ட அந்த அம்மையார், ‘இரவுப் பறவை’ என்ற பெயரைச் சூடிக்கொண்டு, ஆண்டிஸ் மலைநாட்டுப் புல்லாங்குழல் பின்னணியில் ஒலிக்க, கவிதை வாசித்துத் தம் நிகழ்ச்சியைத் தொடங்குவார். பண்பலையின் நிசப்தத்தில் குரலை உயர்த்த வேண்டிய அவசியமே இல்லை என்பதை அவரைப்போல் உணர்ந்தவர் வேறு யார்? மூச்சின் ஓசைகூடக் கேட்கும் அந்த மந்தஸ்தாயிக் குரல், உறக்கம் வராத ஒவ்வொருவரிடமும் தனித்தனியே பேசுவது போலிருக்கும். 1976-இல் ‘பில்போர்டு’ பத்திரிகை அவரை ஆண்டின் சிறந்த பண்பலை அறிவிப்பாளராகத் தேர்ந்தெடுத்தது. பெண் ஒருவருக்கு அந்தக் கௌரவம் கிடைத்தது அதுவே முதல் தடவை.

கலைஞர்களும் அங்கே விருந்தாளிகளைப்போல் வந்துபோனார்கள். 1974 செப்டம்பரில் டென்னிஸ் எல்சாஸின் நிகழ்ச்சிக்கு வந்த ஜான் லெனன், தம் புதிய தட்டைப் பற்றிப் பேசியதோடு நில்லாமல், வானிலை அறிக்கையையும் விளம்பரங்களையும் தாமே உற்சாகமாக வாசித்தார். ஒலிப்பதிவில் இன்று கேட்டாலும் அந்தக் குதூகலம் நம்மையும் தொற்றிக்கொள்கிறது. மறு ஆண்டு ஆகஸ்டில், புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் ‘பாட்டம் லைன்’ என்ற சிறு அரங்கில் பாடியதை நிலையம் நேரடியாக ஒலிபரப்பி, அவருடைய புகழ்பெற்ற இசைத்தட்டு வெளிவருமுன்பே நகரத்துக்கு அவரை அறிமுகம் செய்து வைத்தது.

பிற்காலத்தில் வியாபாரக் கணக்கு மேலோங்கியது. அறிவிப்பாளர் கையிலிருந்த தேர்வுரிமை பட்டியல்களிடம் போய்ச் சேர்ந்தது. 1999-இல் சங்கீதத்தை விட்டு, பேச்சு நிகழ்ச்சிகளுக்கு அலைவரிசை மாற்றப்பட்டது. எல்சாஸும் ஃபோர்னடேலும் ஃபோர்டாம் பல்கலைக்கழகத்தின் வானொலிக்குப் போய், பாட்டைப் பாட்டோடு இணைக்கும் வேலையை அங்கே தொடர்ந்து செய்தார்கள்.