ஏகாண்டம் என்கிற பெருமை: ஒட்டைப் பற்றிச் சில குறிப்புகள்

வீணை வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது ஏகாண்டமா, ஒட்டா என்றுதான். குடமும் தண்டியும் ஒரே பலாக்கட்டையில் குடைந்தெடுத்தது ஏகாண்ட வீணை. தனித்தனியாகச் செய்து இணைத்தது ஒட்டு வீணை. ஒட்டு என்று சொல்லும்போதே விற்பவரின் குரல் கொஞ்சம் இறங்கிவிடும், ஒட்டுப்போட்ட வேட்டியைக் காட்டுவதுபோல.

எலெக்ட்ரிக் கிட்டார்க்காரர்களிடமும் இதே வியாதி உண்டு. ஃபெண்டர் நிறுவனம் 1950களில் கிட்டாரின் கழுத்தை ஒரே மேப்பிள் கட்டையில் செய்தது. ஃப்ரெட் கம்பிகளை நேராக அந்த மேப்பிளிலேயே அடித்தார்கள். 1958இல் ஜாஸ்மாஸ்டரிலும் அடுத்த வருடம் மற்ற மாடல்களிலும் ஈட்டிப் பலகை தனியாக ஒட்டப்பட்டது. முதலில் அடிப்பக்கம் தட்டையான தடித்த பலகை, 1962 வாக்கில் வளைவான மெல்லிய பலகை. தடித்த பலகைதான் நாதம், மெல்லியது சிக்கனம் என்று பழைய கிட்டார் சேகரிப்பவர்கள் இன்றும் சண்டை போடுகிறார்கள். அந்தச் சண்டையில் ஒட்டு எப்படிப் போடப்பட்டது என்று மட்டும் யாரும் பேசுவதில்லை.

ஒற்றை மரம் என்று சொல்லப்படுகிற இரண்டுமே முழுக்க ஒற்றை மரம் இல்லை. ஏகாண்ட வீணையிலும் குடத்தின் வாயை மூடும் மேற்பலகை தனித்துண்டுதான். இல்லாவிட்டால் உள்ளே எப்படிக் குடைவது? ஃபெண்டரின் ஒற்றை மேப்பிள் கழுத்தைத் திருப்பிப் பார்த்தால் முதுகில் ஒரு கறுத்த வால்நட் பட்டை ஓடும். கழுத்தின் வளைவைச் சரிசெய்யும் ட்ரஸ் ராட் என்கிற இரும்புக் கம்பியைப் பின்பக்கமாக உள்ளே வைத்து மூடிய தடம் அது. ஆக, கேள்வி ஒட்டு இருக்கிறதா என்பதல்ல, எங்கே இருக்கிறது, திறக்க முடியுமா என்பதுதான்.

ஏகாண்டத்துக்கு நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. வீணையில் குடமும் தண்டியும் சேரும் இடம் தந்தியின் இழுப்பை நேராக வாங்குகிறது. அங்கே ஒட்டு தளர்ந்தால் கதை முடிந்தது. கிட்டாரில் அதற்கு ஈடான இடம் கழுத்தும் உடலும் சேரும் மூட்டு. ஃப்ரெட்போர்டு ஒட்டு வேறு ஜாதி. 22 ஃப்ரெட் பலகை என்றால் சுமார் 47 செ.மீ. நீளம், சராசரியாக 5 செ.மீ. அகலம். மரத்தின் நார் ஓடும் திசையிலேயே முகத்தோடு முகம் உட்காரும் பெரிய பரப்பு. ஆறு தந்தியும் சேர்ந்து இழுப்பது சாதாரண செட்டில் 46 கிலோ அளவுதான். எந்த நல்ல பசையும் இதைத் தாங்கும். அப்படியிருக்க, கிட்டார் செய்யக் கற்றுக்கொடுக்கும் கையேடுகள் பசைகளை வலிமையை வைத்தே வரிசைப்படுத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை. எது அதிகம் தாங்கும் என்பது இங்கே கடைசிக் கேள்வி.

முதல் கேள்வி தண்ணீர். வெள்ளைப் பசை, மஞ்சள் பசை இரண்டிலும் தண்ணீர் இருக்கிறது. 6 மி.மீ. பலகையின் அடிப்பக்கம் அதைக் குடித்து உப்பும். மேல்பக்கம் காய்ந்தே இருக்கும். கிளாம்ப்பைக் கழற்றினால் நேற்று நேராக இருந்த கழுத்து இன்று லேசாக வளைந்திருக்கும். பதறிப்போய் அன்றைக்கே இழைத்து நேராக்கினால், ஈரம் வெளியேறிய பிறகு எதிர்ப்பக்கம் வளையும். சில நாள் சும்மா விட்டுவைக்க வேண்டும், அவ்வளவுதான். கோவையில் இது இன்னும் தந்திரமான விஷயம். மாசி, பங்குனியில் காற்று காய்ந்து கிடக்கும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரக்காற்று அள்ளிக்கொண்டு வரும். மார்ச்சில் ஒட்டிய கழுத்து ஜூலையில் வேறு ஆள்.

இதை எனக்குச் சொன்னவர் கிட்டாரைத் தொட்டே பார்க்காதவர். கணபதி பக்கம் ஃபவுண்டரிகளுக்கு மரத்தில் பேட்டர்ன் செய்கிற பெரியவர். பம்ப்செட் வார்ப்புக்கான மாதிரி அளவு மாறினால் வார்க்கும் ஒவ்வொன்றும் தப்பாகும். அதனால் மரம் நகர்வது அவர்களுக்குப் பிழைப்புப் பிரச்சினை. நான் கொண்டுபோன கழுத்தைக் கண்ணுக்கு நேரே வைத்து ஒருதரம் பார்த்தார்.

"ஏனுங்க தம்பி, ஒட்டறதுக்கு முன்னாடி ரெண்டு கட்டையும் ஒரே ரூம்ல ஒரு வாரமாச்சும் கெடந்துச்சுங்களா?"

கிடக்கவில்லை. நான் படித்த எந்தக் கையேட்டிலும் அந்தக் கேள்வி அழுத்தமாக இல்லை.

அவரிடம் நான் கொண்டுபோனது ஏற்கெனவே கெட்டுப்போன கழுத்து. பலகை, பொள்ளாச்சியில் அம்மிச்சி வீட்டுப் பழைய ஈட்டிக் கட்டிலின் தலைமாட்டுப் பலகையிலிருந்து அறுத்தது. ஈட்டி நம்ம ஆனைமலை, நீலகிரி மரம். பிரேசில் ஈட்டி அருகிப்போய், மார்ட்டின் நிறுவனம் 1969இல் இந்திய ஈட்டிக்கு மாறியது. 2017 ஜனவரியில் ஈட்டி இனம் மொத்தமும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தபோது கிட்டார் கம்பெனிகள் திண்டாடின. 2019 நவம்பரில்தான் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு கிடைத்தது. அந்தக் கட்டில் பலகை போனால் இன்னொன்று கிடைக்காது என்று தெரிந்தேதான் ஆரம்பித்தேன்.

தண்ணீருக்குப் பயந்து எபாக்ஸி எடுத்தேன். எபாக்ஸியில் தண்ணீர் இல்லை, கழுத்து வளையாது. சரிதான். ஈட்டியில் எண்ணெய்ப்பசை உண்டு, அதை அசிட்டோனால் துடைத்தேன். கிளாம்ப் இறுக்கும்போது பலகை வழுக்காமலிருக்க, ஃப்ரெட் பள்ளங்களில் இரண்டு சின்ன ஆணி அடித்துத் தலையைக் கிள்ளினேன். ட்ரஸ் ராட் பள்ளத்தின் மேல் டேப்பும் ஒட்டினேன். எல்லாம் படித்தபடி. ஆனால் ஏப்ரல் சூட்டில் எபாக்ஸி நெய் மாதிரி இளகி ஓடியது, டேப் ஓரத்தில் இறங்கிப் பள்ளத்துக்குள் போய் ராடைப் பிடித்துக்கொண்டது. தந்தி ஏற்றியதும் கழுத்து முன்னால் வளைந்தது. அதைச் சரிசெய்யவே இருக்கிற ராட் திரும்பவில்லை. பலகையைக் கழற்றுவதைத் தவிர வழியில்லை. இஸ்திரிப் பெட்டியால் சுடவைத்து மெல்லிய கத்தியை நுழைத்தேன். பாதி வந்தது. ஐந்தாவது ஃப்ரெட் பள்ளத்தில் படக்கென்று முறிந்தது. பள்ளம் வெட்டிய இடம்தானே மெலிவு.

வஜ்ஜிரம் என்கிற பழைய எலும்புப் பசையைப் போட்டிருக்கலாம். அதிலும் தண்ணீர் உண்டு, சூடாக இருக்கும்போதே வேகமாக வேலை முடிக்க வேண்டும், வாடை வேறு. ஆனால் சூடும் ஈரமும் கொடுத்தால் மரத்தை முறிக்காமல் விட்டுவிடும். வயலின்காரர்கள் இன்றும் அதை விடாததற்குக் காரணம் இதுதான், பழமைப் பற்று அல்ல.

வீணையில் நான் வியப்பதும் ஏகாண்டத்தை அல்ல, மெழுகை. 24 மெட்டுகளும் தண்டியின் மேல் தேன்மெழுகும் கரித்தூளும் கலந்த கறுப்பு மெழுகுத் திட்டில் உட்கார்ந்திருக்கின்றன. மரம் நகர்ந்தால், மெழுகு இறுகினால், சுருதி விலகும். மெழுகை இளக்கி, காதால் கேட்டு, ஒவ்வொரு மெட்டாக மறுபடி வைப்பார்கள். மேளம் கட்டுவது என்று அதற்குப் பேர். மரம் நகரும் என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு, கழற்றி மாற்ற வேண்டிய ஒரு அடுக்கை வேண்டுமென்றே இளக்கமாக வைத்த வடிவமைப்பு இது. அந்த வேலை வீணை வாழும் காலம் முழுக்க நடந்துகொண்டிருக்கும். 2013இல் தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது பலாக்கட்டையைப் பற்றித்தான் பேச்செல்லாம்.

முறிந்த பலகையின் பெரிய துண்டு மேசையில் இருக்கிறது. பேட்டர்ன் பெரியவர் அதை வாங்கித் தட்டிப் பார்த்துவிட்டு, "இதை வெச்சு ஒரு சின்ன உருப்படி பண்ணிரலாமுங்க, பசையை மட்டும் மாத்திக்குங்க" என்றார். யுகுலேலே கழுத்துக்கு 12 ஃப்ரெட் பலகை போதும். முறிந்த இடத்துக்கு மேலே நீளம் சரியாக வருகிறது. துண்டையும் புதுக் கழுத்துக்கான கட்டையையும் ஒரே அறையில் போட்டிருக்கிறேன். இது நாலாவது நாள்.