உறுமிக்கு எந்த பிளேலிஸ்ட்?

சினிமாவுக்கு வெளியே ஒரு புது ஆல்பம் வந்தால், தமிழில் அதைப் பற்றி எழுதுகிறவர்கள் முதலில் வரிகளைத்தான் தேடி எடுக்கிறார்கள். என்ன சொல்றாங்க, எதை எதிர்க்கிறாங்க, எந்தச் சொல் புதுசு. அப்புறம் ஒரு பத்தி பெருமிதம்: சுவிட்சர்லாந்திலிருந்து ஒரு தமிழ்ப் பெண், சிங்கப்பூரிலிருந்து ஒரு தமிழ்ப் பையன். கடைசியில் ‘இசையும் அருமை’ என்று இரண்டு சொல். எனக்குத் தெரிந்து அந்த இரண்டு சொல்லுக்குள்தான் மொத்த ஆல்பமும் இருக்கு.

நாம் இலக்கியம் படிக்கிற ஆட்கள், அதனால் சொல்லைப் பிடித்துக்கொண்டு உள்ளே போவது இயல்புதான். ஆனால் இந்தப் பழக்கத்துக்கு ஒரு விலை இருக்கு. சொல் தமிழில் இல்லாவிட்டால் அந்த இசை நம் கண்ணிலேயே படுவதில்லை. செயலியில் ‘தமிழ்’ என்று தட்டினால் வருவது பெரும்பாலும் சினிமாப் பாட்டு. கொஞ்சம் தள்ளிப் போனால் தமிழில் ராப் பாடுகிறவர்கள். அதோடு சரி. மொழியை வலையாக வீசினால் மொழி மட்டும்தான் சிக்கும்.

சிங்கப்பூரையே எடுத்துக்கொள்வோம். யங் ராஜாவை எல்லோருக்கும் தெரியும். லில் பம்ப்பின் ‘குச்சி கேங்’ உலகம் முழுக்க ஓடியபோது அதைப் ‘பூரி கேங்’ ஆக்கிப் பாடிய பையன். 2018இல் ‘முஸ்தஃபா’ வந்தது. எழுதியவர்கள் எல்லாம் ஒரே விஷயத்தைத்தான் எழுதினார்கள்: தமிழும் ஆங்கிலமும் கலந்து பாடுகிறார், நம்ம ஊர்ப் பேச்சு அப்படியே வருது. உண்மைதான். ஆனால் அந்தப் பாட்டு ஏன் நிற்கிறது என்பதற்குக் காரணம் வேறு. டிராப் இசையில் ஹை‑ஹாட் படபடவென்று ஓடும், அடியில் 808 பேஸ் நீளமாக உறுமும், நடுவில் நிறைய வெற்றிடம். அந்த வெற்றிடத்தில் தமிழின் இரட்டித்த வல்லினம் விழும்போது, ‘க்க’, ‘ட்ட’, ‘ப்ப’, அது ஸ்நேர் அடி மாதிரியே கேட்குது. ஆங்கிலத்துக்கு இந்த வசதி கிடையாது. 2006இல் யோகி பி & நட்சத்ராவின் ‘வல்லவன்’ மலேசியாவிலிருந்து வந்தபோதே இது காதில் பட்டிருக்க வேண்டும். தமிழ் அங்கே ஒரு தாளக் கருவி. இதைச் சொல்லாமல் ‘தமிழில் ராப் செய்கிறார்’ என்று மட்டும் எழுதினால், அது விமர்சனம் ஆகாது, குடியுரிமைச் சான்றிதழ்.

இன்னொரு பக்கம் பீட் முழுசும் அட்லாண்டாவிலிருந்து வந்தது. யங் ராஜாவின் பிந்தைய பாட்டுகள் சிலவற்றில் தமிழை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது எந்த ஊரிலும் செய்யக்கூடிய பாட்டு. குறையாகச் சொல்லவில்லை, கணக்காகச் சொல்கிறேன்.

இப்போது ருத்ராவைப் பாருங்க. 1992இல் தொடங்கிய சிங்கப்பூர் மெட்டல் பேண்ட். ‘குருக்ஷேத்ரா’ 2003, ‘பிரம்மவித்யா’ என்ற மூன்று ஆல்ப வரிசை 2005இல் தொடங்கி 2011இல் முடிந்தது. பாடியது ஆங்கிலத்திலும் சம்ஸ்கிருதத்திலும். ஆகவே எந்தத் தமிழ்ப் பட்டியலிலும் இவர்கள் இல்லை. தமிழ் இதழ்களில் இவர்களைப் பற்றி எத்தனை கட்டுரை படித்திருக்கிறீர்கள்? முப்பது வருஷத்துக்கு மேல் ஒரே ஊரில் உட்கார்ந்து செய்த வேலை. வேதாந்தத்தை டெத் மெட்டலில் உறுமுவது உங்களுக்கு ஒத்து வராமல் இருக்கலாம். எனக்கே அந்தத் தத்துவத்தில் பெரிய ஈடுபாடு இல்லை. ஆனால் ஓதுகிற நடையும் டபுள் பேஸ் டிரம்மும் ஒன்றையொன்று இழுக்கிற இடங்களில் ‘இது எங்கிருந்து வருது?’ என்று காது கேட்கத்தான் செய்யுது. பிடிக்கிறதா இல்லையா என்பது அதற்கு அப்புறம்.

நான் இருப்பது குவீன்ஸ்டவுனில். சிங்கப்பூரின் முதல் துணைநகரம், 1953இல் எலிசபெத் ராணி முடிசூடியபோது வைத்த பெயர். தங்ளின் ஹால்ட் பக்கம் மலாயா ரயில் ஓடிய தடம் 2011இல் மூடப்பட்டு இப்போது நடைபாதை ஆகிவிட்டது. புது இசையை நான் பெரும்பாலும் அங்கே நடந்துகொண்டேதான் கேட்கிறேன். கொஞ்சம் தள்ளி காமன்வெல்த் டிரைவில் முனீஸ்வரன் கோவில். ரயில்வேத் தொழிலாளர்கள் தண்டவாள ஓரத்தில் வைத்துக் கும்பிட்ட சாமி. பழைய இடத்திலிருந்து இங்கே வந்துவிட்டார். இதை ஏன் சொல்றேன் என்றால், இந்த ஊரில் தமிழ் இளைஞர்கள் தாங்களே குழு சேர்ந்து, தாங்களே பழகி, யாருடைய லேபிளும் இல்லாமல் வாசிக்கிற இசை ஒன்று இருக்கு. உறுமி மேளம். ‘இண்டி’ என்ற சொல்லுக்கு இதைவிடப் பொருத்தம் எது? ஆனால் எந்த விமர்சகரும் அதை அந்த அலமாரியில் வைப்பதில்லை.

உறுமியைக் கொஞ்சம் கவனியுங்க. ஒரு முகத்தை மெல்லிய குச்சியால் அடிக்கிறார்கள், மறு முகத்தை வளைந்த குச்சியால் தேய்க்கிறார்கள். தேய்க்கிற அழுத்தம் மாற மாறச் சுருதி வழுக்கிக்கொண்டு போகும். பேஸ் குரலில் வழுக்கு: இன்றைக்கு எலக்ட்ரானிக் தயாரிப்பாளர்கள் 808ஐ வைத்து மெனக்கெட்டுச் செய்வது இதைத்தான். தைப்பூச ஊர்வலத்தில் இசைக்கருவிகளுக்கு இங்கே 1973 முதல் தடை இருந்தது. 2016இல் மூன்று இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி கிடைத்தது, பிறகும் கொஞ்சம் தளர்ந்தது. அந்தத் தடையைப் பற்றி நாம் உரிமைப் பிரச்சினையாகப் பேசினோம், பேசத்தான் வேண்டும். ஒலியாகப் பேசினோமா?

பேசியவர் ஒருவர் உண்டு, எழுத்தில் இல்லை, பாட்டில். எம்.ஐ.ஏ. 2005இல் ‘அருளர்’, அப்பாவின் பெயர். ரோலண்ட் எம்சி‑505 என்ற ஒற்றைப் பெட்டியில் தொடங்கிய வேலை. 2007இல் ‘கலா’, அம்மாவின் பெயர். ‘கலா’வின் ‘பேர்ட் ஃப்ளூ’, ‘பாய்ஸ்’ இரண்டிலும் உறுமிதான் முதுகெலும்பு. முதல் பாட்டான ‘பேம்பூ பாங்கா’ இளையராஜாவின் ‘தளபதி’ இசையிலிருந்து ஒரு துண்டை எடுத்துச் சுற்றவிடுகிறது. வரிகள் ஆங்கிலம். தமிழ் விமர்சனம் என்ன செய்தது? அவருடைய அரசியலைப் பற்றி எழுதியது, ஆஸ்கர் பரிந்துரையைப் பற்றி எழுதியது. உறுமி அந்த ஆல்பத்தில் அலங்காரமாக வரவில்லை. சின்த் எங்கே முடிந்து தோல் எங்கே தொடங்குது என்று தெரியாத அளவுக்கு இரண்டையும் ஒரே எடையில் கலந்திருக்கிறார்கள். என் கணக்கில் தமிழ் எலக்ட்ரானிக் இசையின் முக்கியமான ஆல்பம் இதுதான், அதில் தமிழ் அபூர்வம் என்றாலும்.

இந்த அளவுகோலை வைத்துப் பிரியா ராகுவைக் கேட்டால் தீர்ப்பு கொஞ்சம் மாறுது. ‘டேம்ன்‌ஷீஸ்தமில்’ (2021), ‘சந்தோஷம்’ (2023) இரண்டும் அவர் அண்ணன் ஜாஃப்னா கோல்டு தயாரித்து வந்தவை. அருமையான குரல், சந்தேகமே இல்லை. முதல் தொகுப்பில் வீட்டு ஹாலில் அண்ணனும் தங்கையும் விளையாடுகிற சுதந்திரம் கேட்குது. ‘சந்தோஷம்’ ஆல்பத்தில் மெருகு ஏறிவிட்டது. தாளமும் தமிழும் பல இடங்களில் மேலே தூவிய கொத்தமல்லி மாதிரி; எடுத்துவிட்டாலும் அடியில் இருக்கிற ஆர்&பி பாட்டு அப்படியே நிற்கும். பேட்டிகளில் அடையாளம் பற்றிக் கேட்டுக் கேட்டு, அந்தக் கேள்விக்குப் பதிலாகவே சில பாட்டுகளைச் செய்தாரோ என்று தோணுது. அதில் நமக்கும் பங்கு உண்டு. பெருமிதம் தவிர வேறு எதையும் நாம் கேட்கவில்லையே.

வரி முக்கியமில்லை என்கிறீர்களா, கேஸ்ட்லெஸ் கலெக்டிவை என்ன செய்வீர்கள் என்று கேட்கலாம். 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் அவர்கள் முதல் முறை மேடை ஏறியபோது, பறையும் சட்டியும் கானாக் குரலும் எலக்ட்ரிக் கித்தாருக்குப் பக்கத்தில் சம உயரத்தில் நின்றன. முதல் வரி வருவதற்கு முன்னாலேயே வாதம் முடிந்துவிட்டது. வரிகளை மட்டும் அச்சிட்டுப் படித்தால் பாதிதான் கிடைக்கும்.

எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சரண்ஜித் சிங் போதும். பம்பாய் சினிமா இசைக்கலைஞர். 1982இல் ரோலண்ட் 808, 303, ஜூபிட்டர்‑8 மூன்றையும் வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் போட்டார். 303இல் சுருதியை வழுக்கவிடும் வசதியை ராகத்துக்குப் பயன்படுத்தியவர். யாரும் கண்டுகொள்ளவில்லை. சிகாகோவில் ஃபியூச்சர் ‘ஆசிட் டிராக்ஸ்’ வெளியிட்டது 1987இல். சிங்கின் ஆல்பம் மறுபடி வெளியானது 2010இல், அதுவும் வெளிநாட்டு லேபிளில். அப்புறம்தான் நம்ம பத்திரிகைகள் அவரைத் தேடிப் போயின.

தேடுகிற முறையை நான் மாற்றிக்கொண்டேன். பேண்ட்கேம்ப்பில் மொழியை விட்டுவிட்டு ஊரைத் தட்டுவேன்: சிங்கப்பூர், சென்னை, கொழும்பு, டொராண்டோ. கிடைக்கிறதில் பாதி சுமார். பெயரைப் பார்த்துத் தமிழர் என்று எடுத்துக்கொள்ளாமல், முதல் தடவை வரிகளைத் திறக்காமல், பேஸ் சரியாகக் கேட்கிற ஹெட்போனில் முழு ஆல்பத்தையும் ஓடவிடுவேன். போன மாதம் இப்படித்தான் ‘பிரம்மவித்யா’ முதல் பாகத்துக்கு மறுபடி போனேன். இரண்டாவது சுற்றில் டிரம்மை மட்டும் கேளுங்க.