டியூப்லைட்டில் ஒளிர்வது பாஸ்பரஸா?

பாப்பாரப்பட்டிக் கடைத்தெருவில் ஒரு பழைய டியூப்லைட்டைக் காட்டி, “உள்ளே பூசியிருக்கும் வெள்ளைப் பொடி என்ன?” என்று கேட்டுப் பாருங்கள். “பாஸ்பரஸ்” என்று யாரேனும் சொல்லக்கூடும். அவரைக் குறை சொல்வதற்கில்லை; வகுப்பறையிலும் இந்த விடை வழங்கி வருகிறது. ஆனால் அது தவறான விடை.

ஆற்றலை வாங்கி ஒளியாகத் தரும் திடப்பொருளின் ஆங்கிலப் பெயர் ‘பாஸ்பர்’. ‘பாஸ்பரஸ்’ என்பதோ ஹாம்பர்க் நகரில் 1669-இல் பிராண்ட் கண்டறிந்த தனிமம். ‘ஒளி தருவது’ என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லே இரண்டுக்கும் மூலம். குழப்பம் இங்குதான் பிறந்தது. வெண் பாஸ்பரஸ் ஆக்சிஜனோடு மெல்லச் சேர்ந்து மங்கலாக ஒளிர்கிறது. அதில் அப்பொருளே செலவாகிறது. டியூப்லைட்டின் பொடி அவ்வாறு எரிந்து தீர்வதில்லை.

நெடுங்காலம் பயன்பட்ட பொடி கால்சியம் ஹாலோபாஸ்பேட். மக்கீக், ரான்பி என்போர் 1942-இல் இங்கிலாந்தில் உருவாக்கியது. “அதிலும் பாஸ்பரஸ் உண்டே!” என்பீர்கள். உண்டு, ஆனால் அது படிகக் கட்டடத்தின் செங்கல் மட்டுமே. பாதரச ஆவி வீசும் 254 நானோமீட்டர் புறஊதாக் கதிரை, சிறிதளவே கலந்துள்ள ஆண்டிமனி அயனிகள் ஏற்று நீல ஒளி தருகின்றன. ஏற்ற ஆற்றலில் ஒரு பங்கை மாங்கனீசு அயனிகளுக்கு அளிக்க, அவை ஆரஞ்சு ஒளி வீசுகின்றன. இரண்டும் கலந்தே வெண்மை.

இன்னும் ஐயமா? சோடியம் அயோடைடைப் பாருங்கள். சமையல் உப்பின் உறவான இதில் பாஸ்பரஸ் அறவே இல்லை. இதனுடன் துளி தாலியம் சேர்த்தால், காமாக் கதிர் பட்டதும் நீல ஒளிப்பொறி தோன்றுவதை 1948-இல் ஹாஃப்ஸ்டாட்டர் காட்டினார். கதிரால் விடுபட்ட எலெக்ட்ரான்களின் ஆற்றல் தாலிய அயனியை அடைந்து ஒளியாகிறது. மருத்துவமனைக் காமாக் கேமராக்களில் இப்படிகம் பணிபுரிகிறது.

ஒரு சொல் பிழைதானே என்று விட்டுவிடலாமா? கூடாது. பாஸ்பரஸையே தேடும் மாணவர், கலப்பு அயனியே ஒளியின் ஊற்று என்ற அடிப்படையைத் தவறவிடுகிறார். குழல் உடைந்தால் பொடியைக் கண்டு அஞ்சுபவர், கண்ணுக்குத் தெரியாத பாதரச ஆவியை மறந்து, ஜன்னலைத் திறக்காமலே பெருக்கத் தொடங்குகிறார்.

‘ஒளிர்பொருள்’ என்ற நல்ல தமிழ்ச்சொல் நம்மிடம் இருக்கிறது. ஆசிரியர்களே, அதைப் பயன்படுத்துங்கள். மாணவர்களே, எந்த ஒளிர்பொருளைக் கண்டாலும் “இதில் ஒளிர்வது எந்த அயனி?” என்று கேளுங்கள்.