சிறைவீடும் ஊர்மீட்சியும்: இரட்டைக் காப்பியங்களும் வ.உ.சி.யின் பிற்கால வாழ்வும்

முன்னுரை

முதுகலை வகுப்பொன்றில் மணிமேகலையின் 'சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆக்கிய காதை'யைப் பயிற்றிக்கொண்டிருந்தபோது மாணவர் ஒருவர் வினவினார்: "கோட்டம் மாறிவிட்டது. உள்ளே இருந்தவர்கள் எங்கே போனார்கள்?" அன்று அவ்வினாவிற்கு விடைகூற இயலவில்லை. காப்பியத்தை மீண்டும் படித்தபோது, நூலும் அதற்கு விடை கூறவில்லை என்பது புலனாயிற்று. அவ்வினாவிலிருந்து எழுந்ததே இக்கட்டுரை.

தமிழில் சிறை பற்றிய திறனாய்வு பெரும்பாலும் மதிலுக்கு உட்பட்ட வாழ்வையே பொருளாகக் கொண்டுள்ளது. சிறையில் பட்ட துன்பம், சிறையில் எழுந்த இலக்கியம், சிறையில் வெளிப்பட்ட மனவுறுதி ஆகியவை விரிவாக ஆராயப்பட்டுள்ளன. சிறைவாயில் திறந்த பின்னர் நிகழ்வன குறித்தும், சிறைப்பட்டவரின் வீடும் ஊரும் கொடுத்த விலை குறித்தும் போதிய கவனம் செலுத்தப்படவில்லை. சிலப்பதிகாரம், மணிமேகலை ஆகிய இரு காப்பியங்களிலும் வ.உ. சிதம்பரம் பிள்ளையின் வாழ்க்கை வரலாற்றிலும் இப்பொருள் எங்ஙனம் இடம்பெறுகிறது என்பதை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். சிறையிலிருந்து விடுவித்தலைச் 'சிறைவீடு' என்றும், விடுபட்டவர் உணவும் பெயரும் இடமும் பெற்று மீண்டும் சமூகத்தில் ஒருவராதலை 'ஊர்மீட்சி' என்றும் இக்கட்டுரை வேறுபடுத்துகிறது.

வார்த்திகன் சிறையும் அடைந்த கதவும்

சிலப்பதிகாரக் கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வம் கண்ணகிக்கு உரைக்கும் கிளைக்கதை வார்த்திகன் கதை. சேரனிடம் பரிசில் பெற்று மீளும் பராசரன் என்னும் அந்தணன், தங்கால் என்னும் ஊரில், வேதத்தைப் பிழையின்றி ஓதிய சிறுவன் தக்கிணனுக்கு அணிகலன்களை அளித்துச் செல்கிறான். சிறுவனின் தந்தையாகிய வார்த்திகனின் குடும்பம் திடீரென வளமுற்றது கண்டு பொறாத அரச ஊழியர், அரசுக்குரிய புதையலைக் கவர்ந்தான் என்று பழிசுமத்தி அவனைச் சிறையிடுகின்றனர். அவன் மனைவி கார்த்திகை தரையில் வீழ்ந்து புரண்டு அழுகிறாள். அந்நிலையில் ஐயை கோயிலின் கதவு அடைத்துக்கொள்கிறது.

கதவடைப்பைத் தெய்வச் சினத்தின் அடையாளமாகக் கொள்வதே பொதுவான பொருள். அதனை மறுக்க வேண்டியதில்லை. ஆயினும் கதையமைப்பில் அது வேறொரு பணியையும் செய்கிறது. சிறைப்பட்டவன் ஒருவன், அழுபவள் அவன் மனைவி, அடைபட்டதோ ஊரார் அனைவரும் வழிபடும் பொதுவிடம். தனிமனிதன் மீது ஏவப்பட்ட தண்டம் முதலில் வீட்டையும் அடுத்து ஊரையும் தாக்குகிறது என்பதை இவ்வரிசைமுறை காட்டுகிறது. தண்டனை பெறாதவர்களும் தண்டனையின் விலையைக் கொடுக்கின்றனர் என்னும் கருத்தைக் கதை வெளிப்படையாகக் கூறவில்லை. நிகழ்ச்சிகளை அடுக்கிய முறையாலேயே உணர்த்திவிடுகிறது.

பாண்டியன் செய்த கழுவாயும் நோக்கத்தக்கது. நடந்ததை உசாவி அறிந்த மன்னன் வார்த்திகனை விடுவிப்பதோடு நின்றுவிடவில்லை. தன் முறை பிழைத்தமையைப் பொறுத்தருள வேண்டுகிறான். தங்காலையும் வயலூரையும் அவனுக்கு அளிக்கிறான். நிலத்தில் விழுந்து வணங்குகிறான். அதன் பின்னரே கோயிற் கதவு ஊரெங்கும் கேட்கும் பேரொலியுடன் திறக்கிறது. தொடர்ந்து, சிறைக்கோட்டங்களைத் திறக்கவும், இறை செலுத்தாதோரின் கடனை நீக்கவும், கண்டெடுத்த பொருளும் புதையலும் பெற்றவர்க்கே உரியன எனவும் முரசறையச் செய்கிறான்.

மன்னிப்பு வேண்டியதால் வார்த்திகனின் பெயர் மீட்கப்படுகிறது. நிலக்கொடையால் வாழ்வாதாரம் உறுதியாகிறது. அவனைச் சிறையிடக் காரணமான சட்டமே மாற்றப்படுகிறது. இவற்றிற்குப் பின்னரே கதவு திறப்பதால், சிறைவீடு மட்டுமே முறைசெய்தல் ஆகாது என்பது இக்கதையின் உட்கிடை எனலாம்.

தகுதிக்கேற்ற மீட்சி

எனினும், இக்கதையைப் பாராட்டும்போது ஒரு குறையையும் சுட்ட வேண்டியுள்ளது. ஊரும் நிலமும் பெற்றவன் வார்த்திகன் ஒருவனே. முரசறைந்த ஆணையால் வெளிவந்த ஏனையோர் எங்கு சென்றனர் என்று நூல் கூறவில்லை.

நடுகற் காதையிலும் இந்நிலையே காணப்படுகிறது. மாடலன் அறிவுரையால் மனம் மாறிய செங்குட்டுவன் ஆரிய மன்னரைச் சிறையினின்று நீக்குகிறான். அவர்கள் தங்க வேளாவிக்கோ மாளிகை தரப்படுகிறது. வேள்வி முடிந்தபின் தத்தம் நகர்க்கு மீள வழியும் சொல்லப்படுகிறது. உறைவிடம், ஓம்புதல், ஊர் திரும்பும் ஏற்பாடு என மீட்சிக்கு வேண்டிய அனைத்தும் அவர்க்கு வாய்க்கின்றன. நாட்டின் ஏனைச் சிறையோர்க்கோ கோட்டங்களைத் திறக்குமாறு பிறப்பித்த ஆணை மட்டுமே கிடைக்கிறது. அரசர்க்கு மாளிகை, அந்தணர்க்கு நிலம், பெயரறியாதார்க்குத் திறந்த வாயில் என்று மீட்சி தகுதிக்கேற்பப் பங்கிடப்படுவதை இளங்கோவடிகளின் காப்பியம் தன்னையறியாமலே பதிவு செய்துள்ளது.

மணிமேகலை: மறுபிறப்பு எய்திய கட்டடம்

சாத்தனாரின் காப்பியம் இப்பொருளை மேலும் ஆழமாக அணுகுகிறது. காயசண்டிகை வடிவில் சிறைக்கோட்டம் புகுந்த மணிமேகலை, பசியால் வாடியோர்க்கு அமுதசுரபியிலிருந்து உணவளிக்கிறாள். செய்தியறிந்த மன்னன் அவளை அழைத்து வேண்டுவது யாதென வினவ, சிறைக்கோட்டத்தை நீக்கி அறவோர்க்கு உரியதாக்குமாறு கேட்கிறாள். மன்னன் இசைகிறான். பௌத்த அருளறத்தின் உச்சமாகவும், சிறைச் சீர்திருத்தச் சிந்தனையின் முன்னோடியாகவும் இக்காதையைப் போற்றுவது மரபு.

அடுத்த காதையின் தொடக்கம் மாறிய கோட்டத்தை வருணிக்கிறது. தீய பிறப்பில் உழன்றோர் தம் வினைப்பயனால் நற்பிறப்பு எய்தியது போல, நரகம் அனைய சிறை நீங்கிய அவ்விடம் புத்தன் கோயிலும் அறவோர் பள்ளியும் சமையற்கூடமும் உண்ணும் கூடமும் உடையதாயிற்று என்கிறார் புலவர். இவ்வுவமையில் மறுபிறப்பு எய்துவது எது? கட்டடம். சிறையிலிருந்த மாந்தர் இவ்வருணனையில் இல்லை. மனிதர்க்குரிய உவமானம் கட்டடத்துக்குப் பொருத்தப்பட்டுள்ளது. மனிதர்களோ காட்சியினின்று மறைந்துவிட்டனர். மாணவரின் வினா சரியாக இவ்விடத்தைத்தான் தொட்டது.

உண்ணும் கூடம் அவர்களுக்கும் உணவளித்திருக்கும் எனக் கருத இடமுண்டு. அமுதசுரபியின் அறம் யாரையும் விலக்காதது. ஆனால் உண்டபின் அவர்கள் எவ்வூர் மீண்டனர், யார் அவர்களை ஏற்றனர் என்பவை காப்பியப் பொருளாகவில்லை.

சிறைவிடு காதை: விடுதலைக்குப் பின் வரும் சிறை

இவ்விடைவெளியைச் சாத்தனார் வேறோரிடத்தில் நிரப்புகிறார் என்பது இக்கட்டுரையின் கருத்து. உதயகுமரன் கொலையுண்டபின் மணிமேகலையே காவலில் வைக்கப்படுகிறாள். சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கிய நகரிலேயே, அதனை வேண்டிப் பெற்றவளே சிறைப்படுகிறாள். ஒரு கட்டடத்தை மாற்றியதால் நகரின் தண்டிக்கும் வழக்கம் மாறிவிடவில்லை என்பதை இந்நிகழ்ச்சி தெளிவாக்குகிறது.

அடுத்து வருவது 'சிறைவிடு காதை'. பெயரைக் கண்டு மகிழ்ச்சியான முடிவை எதிர்பார்க்கும் வாசகர் ஏமாற்றமடைவர். மகனை இழந்த இராசமாதேவி, மணிமேகலைக்குச் சிறை தகாதெனக் கூறித் தன்னிடம் அழைத்துச் செல்கிறாள். அதன்பின் அறிவு மயங்கும் மருந்தூட்டுகிறாள். கல்லா இளைஞன் ஒருவனுக்குப் பொருள் கொடுத்து, மணிமேகலையின் ஒழுக்கத்தின் மீது பழி உண்டாக்க ஏவுகிறாள். நோயுற்றாள் என்று பொய்கூறிப் புழுக்கறையில் அடைத்து உணவின்றி வருத்துகிறாள்.

இத்துன்பங்கள் யாவும் விடுதலைக்குப் பின் நிகழ்பவை. பழிதூற்றல் பெயரைப் பறிக்கிறது. பட்டினி உணவைப் பறிக்கிறது. புழுக்கறை இடத்தைப் பறிக்கிறது. அரசின் சிறையிலிருந்து வெளிவந்தவளை இல்லத்தின் சினம் மீண்டும் சிறைப்படுத்துகிறது. சிறைவீடு பெற்றும் ஊர்மீட்சி பெறாத ஒருவரின் நிலையை இதனினும் துல்லியமாகக் காட்டும் பகுதி நம் பழைய இலக்கியத்தில் அரிது.

இராசமாதேவியைக் கொடியவளாக மட்டும் சாத்தனார் காட்டவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. அவள் மகனை இழந்த தாய். சிறை மீண்டவரை ஏற்க மறுக்கும் ஊரின் சினத்துக்கும் சில வேளைகளில் உண்மையான இழப்பே காரணம். மந்திர வலிமையால் மணிமேகலை துன்புறாதிருந்தது கண்டு அஞ்சிய அரசி பொறுத்தருள வேண்ட, மணிமேகலை அவளுக்கு அறம் உரைக்கிறாள். பாதிக்கப்பட்டவர், பழிசுமந்தவர் ஆகிய இருவரும் நேர்நின்று பேசிய பின்னரே சிறைவிடு காதை தன் பெயருக்குப் பொருந்துகிறது.

வ.உ.சி.யின் இருபத்து நான்கு ஆண்டுகள்

காப்பியங்கள் தந்த உணவு, பெயர், இடம் என்னும் மூன்று அளவுகோல்களைக் கொண்டு வ.உ.சி.யின் வாழ்வை நோக்கலாம். 1908 மார்ச்சு 12ஆம் நாள் கைதான அவருக்கு, அவ்வாண்டு சூலை 7இல் நீதிபதி பின்ஹே இரு ஆயுள் தண்டனைகளை விதித்தார். மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. கோயம்புத்தூர், கண்ணூர்ச் சிறைகளில் இருந்து 1912 திசம்பரில் விடுதலை பெற்றார். சிறைக்காலம் ஐந்தாண்டுக்கும் குறைவு. 1936 நவம்பர் 18இல் மறையும்வரை வாழ்ந்த மீள்காலமோ ஏறத்தாழ இருபத்து நான்கு ஆண்டுகள். ஆயினும் நம் நினைவில் நிற்பது செக்கிழுத்த காட்சியே.

அவர் சிறைப்பட்டதன் விலையைப் பலர் கொடுத்தனர். தண்டனைச் செய்தி கேட்டுத் தம்பி மீனாட்சிசுந்தரம் மனநிலை பிறழ்ந்தார். 1906இல் தொடங்கப்பட்ட சுதேசிக் கப்பல் நிறுவனம் 1911இல் கலைக்கப்பட, பங்குதாரர் முதலிழந்தனர். கைதை எதிர்த்து 1908 மார்ச்சு 13இல் எழுந்த கிளர்ச்சியின்போது திருநெல்வேலியில் துப்பாக்கிச் சூட்டில் நால்வர் உயிரிழந்தனர். பின்னர்த் தண்டக் காவற்படை நிறுத்தப்பட்டு அதன் செலவு ஊர்மக்கள் மீதே வரியாகச் சுமத்தப்பட்டது. வார்த்திகன் கதையில் அடைபட்ட பொதுக்கதவை இவ்வரி நினைவூட்டுகிறது.

வெளிவந்தவரின் நிலை யாது? வழக்குரைஞர் உரிமம் பறிபோயிருந்தது. அதாவது, தொழிற்பெயர் இல்லை. சொந்த ஊர் நீங்கிச் சென்னையில் வாழ்ந்தார், இடம் நிலைக்கவில்லை. அரிசி வணிகம் போன்ற முயற்சிகள் கைகொடுக்கவில்லை, உணவுக்கே இடர்ப்பாடு. தென்னாப்பிரிக்க இந்தியர் அவருக்கெனத் திரட்டிய தொகை குறித்துக் காந்தியடிகளுடன் 1915-16இல் அவர் நடத்திய கடிதப் போக்குவரத்து இதற்குச் சான்று. நெடிய காத்திருப்புக்குப் பின் வந்து சேர்ந்தது 347 ரூபாய் 12 அணா. கப்பல் வாங்கியவர் அத்தொகைக்குக் காத்திருந்தார் என்பதே சிறைமீண்டார் வறுமையின் அளவைக் காட்டும்.

உரிமம் மீளக் கிடைக்க உதவியவர் வாலேசு என்னும் ஆங்கிலேய நீதிபதி. அந்நன்றியால் தம் மகனுக்கு வாலேசுவரன் எனப் பெயரிட்டார் வ.உ.சி. சிறைப்படுத்திய ஆட்சியைச் சார்ந்த ஒருவரின் நேர்மை அவர்க்குத் தொழிற்பெயரைத் திருப்பித் தந்தது. அவரைத் தலைவரெனக் கொண்டாடிய சமூகம் செய்தது அதனினும் குறைவு. நம் துறைகளில் பயிலப்படும் இளம்பூரணத்தைப் பதிப்பித்த உழைப்பும் இம்மீள்காலத்தைச் சார்ந்ததே. அதனைச் சிறைவாழ்வின் பின்னிணைப்பாகக் கருதாமல் ஊர்மீட்சியின் வரலாறாகப் படிப்பது திறனாய்வாளர் கடமையாகும்.

புகழ்பெற்ற ஒருவரின் நிலையே இதுவாயின், பெயரறியாதார் நிலையை உய்த்துணரலாம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தோர் 5,73,220 பேர். அவருள் 4,34,302 பேர், அதாவது 75.8 விழுக்காட்டினர், குற்றம் உறுதிசெய்யப்படாத விசாரணைக் கைதிகள். வார்த்திகனைப் போல, தீர்ப்புக்கு முன்னரே வீடும் தொழிலும் இழந்தோர் இவருள் பலர். ஒவ்வொருவர் பின்னும் ஒரு கார்த்திகை இருக்கக்கூடும். அவளுக்காகக் கதவடைக்கும் கோயில்தான் இல்லை.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படுவன வருமாறு: வார்த்திகன் கதை, சிறைத்தண்டம் வீட்டையும் ஊரையும் தாக்குவதையும், மன்னிப்பு, வாழ்வாதாரம், சட்டத்திருத்தம் ஆகியவை இன்றி விடுதலை நிறைவடையாது என்பதையும் உணர்த்துகிறது. ஆயினும் அம்மீட்சி தகுதியுடையார்க்கே வாய்க்கிறது. மணிமேகலையில் கட்டடம் மாறுகிறது, மாந்தர் மறைகின்றனர். சிறைவிடு காதையோ விடுதலைக்குப் பின் வரும் பழி, பசி, அடைப்பு ஆகியவற்றை நேர்நின்று காட்டுகிறது. வ.உ.சி.யின் வாழ்வு இம்மூன்றுக்கும் வரலாற்றுச் சான்றாகிறது.

மாணவர் கேட்ட வினாவிற்கு இப்போது ஒருவாறு விடை கூறலாம். சிறைக்கோட்டத்திலிருந்து வெளியேறியவர்கள் நம் ஊர்களுக்கே வந்தனர். வாயிலைத் திறப்பது அரசின் ஆணை. வந்தவரை ஏற்பதும் புழுக்கறையில் அடைப்பதும் ஊரின் கையில் உள்ளன. அவ்வூரை ஆராயாத சிறை இலக்கிய ஆய்வு பாதி வழியிலேயே நின்றுவிட்டதாகும்.